உயிருள்ளவர்களோடு வாசித்த பெயர்

ஸ்டட்கார்ட்,
6 நவம்பர் 1966

பெரியம்மா,

உறையில் என் பெயரைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று சோதிரிஸ் சொல்கிறார். என்னைக் கட்டியவருக்கு உங்களை நேரில் தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும், நான் சொன்னது ஒன்றும் நல்லதாக இல்லை. போடுவதானால் இந்த வரியை மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள். எனக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறான்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அது வழியாக விரலை நீட்டினால் பிடித்துக்கொள்கிறான். தோலுரித்த முயல் மாதிரி இருக்கிறான், ஆனால் பிடி மட்டும் நம் வீட்டுப் பிடி. டாக்டரிடம் எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்கிறார். அந்த ஒரு ஜெர்மன் வார்த்தை எனக்கு மனப்பாடம். இதற்கு முன்னும் இரண்டு பிள்ளைகளுக்காக அதைக் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்குச் செய்தி வந்திருக்காது. முதலில் ஒரு பெண், அப்புறம் ஒரு பையன். இரண்டும் ஞானஸ்நானம் வரை தங்கவில்லை. பெயர் வைக்காமலே புதைத்தோம். இறந்தவர்களுக்கென்று கோயிலில் கோதுமை அவித்துக் கொடுப்பார்களே, அவர்களுக்கு அதற்குக்கூட வழியில்லை. பெயரே இல்லாதவர்களுக்குச் சாமியார் எதைச் சொல்லி ஜெபிப்பார்?

கோதுமை என்று எழுதியதும் உங்களுக்கும் அது நினைவுக்கு வந்திருக்கும். லாம்ப்ரோஸ் அண்ணனின் நாற்பதாம் நாள். அவித்த கோதுமையைத் தட்டில் குவித்து, மேலே வெள்ளைச் சர்க்கரையை இழைத்து, வெள்ளி மிட்டாய்களால் எழுத்துப் பதித்துக் கொண்டுவந்தீர்கள். அண்ணன் பெயரின் முதலெழுத்து. பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து. அந்தோனிஸ் சாமியார் தூபக்கலசத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பொலிக்சேனி, இந்தப் பொண்ணு உசுரோட இருக்காளே. அதோ நிக்கிறா பாரு."

"எனக்கு அவ இல்ல சாமி. போனவங்களோட சேத்து வாசிங்க."

அவர் என் பெயரை வாசிக்கவில்லை. ஆனால் கோதுமையை எல்லோரும் தின்றார்கள். நீங்களே ஒரு பிடி அள்ளி என் கையிலும் வைத்தீர்கள். பதினைந்து வயது எனக்கு. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தின்றேன், பெரியம்மா. என்னுடைய சாவுக் கோதுமையை நானே தின்றேன்.

மறுநாளே அப்பா என்னை லாரிஸாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சோதிரிஸ் இதெல்லாம் கிராமத்து மூடநம்பிக்கை என்கிறார். ஆனால் இரண்டாவது பிள்ளையைக் குழியில் வைத்த அன்று அவரும் பேசாமல்தான் இருந்தார். இறந்தவர்கள் பக்கம் நிற்பவள் வயிற்றில் எது தங்கும்?

இரண்டு விஷயம் கேட்கிறேன். புனித நிக்கோலா திருநாளுக்கு முந்தைய மாலையில், உயிருள்ளவர்களுக்காக ஐந்து அப்பம் ஆசீர்வதிப்பார்களே, அதில் உங்கள் கையால் பிசைந்த அப்பத்தை வைத்து என் பெயரைச் சொல்லுங்கள். வேறு யார் வைத்தாலும் பலிக்காது. அந்தத் தட்டில் என்னை வைத்தது உங்கள் கை.

இன்னொன்று, பிள்ளைக்கு லாம்ப்ரோஸ் என்று பெயர் வைக்க உங்கள் சம்மதம். முறைப்படி என் மாமனார் கோஸ்மாஸின் பெயரைத்தான் வைக்க வேண்டும். விட்டுக்கொடுக்கச் சொல்லி சோதிரிஸ் அவருக்கு எழுதியாயிற்று. கிழவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். இருக்கட்டும். நான் உயிரோடு இருப்பதே அண்ணன் கொடுத்ததுதானே.

உங்கள் பதில் வரும்வரை பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.

அர்கிரோ

*

எலாசோனா மேல்கிராமம்,
15 நவம்பர் 1966

அர்கிரோவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. விறகு ஈரம், அடுப்பே எரியவில்லை.

கோதுமைத் தட்டில் உன் எழுத்தை வைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் உன் அப்பன் என்ன செய்தான் என்பதை விட்டுவிட்டாயே, அதையும் எழுதியிருக்கலாம். தாயில்லாத பிள்ளை என்று உன்னை எடுத்து வளர்த்தேன். லாம்ப்ரோஸுக்கு ஒரு கரண்டி என்றால் உனக்கும் ஒரு கரண்டி. அப்படியிருக்க, என் பிள்ளை விழுந்த ரோட்டு வளைவில், நான் அவனுக்காக நட்டு வைத்த விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை, என் கொழுந்தன் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து நட்டான். நீலப் பெயின்ட். உள்ளே மாதாவின் படம். "எங்கள் மகள் பிழைத்ததற்கு நன்றி" என்று எழுத்து வேறு. போகிற வருகிற லாரிக்காரன் எல்லாம் இரண்டு பெட்டியையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனான்.

நான் சாயங்காலம் விளக்கேற்றப் போகிறேன். ஒரு பெட்டி அழுகிறது, பக்கத்துப் பெட்டி சிரிக்கிறது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் உடைத்தேன். இன்னொரு தரம் நட்டிருந்தால் இன்னொரு தரம் உடைத்திருப்பேன். நன்றி சொல்லக் கூடாதென்று நான் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பன் மாதாவிடம் சொன்னான், சாமியாரிடம் சொன்னான், காப்பிக் கடையில் உட்கார்ந்து சொன்னான். என் மகன் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னானா?

உன் அப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டான், கடவுள் மன்னிக்கட்டும். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

உன் இரண்டு பிள்ளைகள் போனது எனக்குத் தெரியாது. தெரிந்து சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. எனக்குச் சந்தோஷமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. கல்லாகிப் போனேன்.

பெயரைக் கேட்கிறாய். தர மாட்டேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, நன்றாகக் கேள். டாக்டரே கைவிரிக்கிற பிள்ளைக்கு என் மகன் பெயரை வைப்பாய். நாளைக்கே ஏதாவது ஆனால் லாம்ப்ரோஸ் இறந்தான் என்று இன்னொரு தடவை எனக்குக் காகிதம் வரும். ஒரு தடவை அந்தப் பெயரை மண்ணில் வைத்தாயிற்று. இரண்டாம் தடவைக்கு எனக்குத் தெம்பு இல்லை. உன் மாமனார் பெயரை வை. கிழவருக்கும் முகம் தெளியும்.

அப்பம் பிசைய என் கை வருமா என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்று எழுத வந்தேன், உன் டாக்டர் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷமாகக் கேட்காதது. கடைசியாக அவன் என்ன சொன்னான்? அவன் பக்கத்தில் இருந்தவள் நீ ஒருத்திதான்.

பொலிக்சேனி

*

ஸ்டட்கார்ட்,
22 நவம்பர் 1966

பெரியம்மா,

அன்றைக்கே சொல்ல வந்தேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக உங்கள் கறுப்பு முக்காடு மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நான் டிராக்டர் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊற்றைத் தாண்டியதும் வேகம் கூடியது. அண்ணன் முதலில் சிரித்தான். "பிரேக்கு இன்னைக்கு லீவு போட்டுடுச்சுடி" என்றான். நானும் சிரித்தேன். வழக்கமான விளையாட்டு என்று நினைத்தேன்.

அப்புறம் அவன் முகம் மாறியது. "குதி" என்றான்.

"பயமாருக்குண்ணா."

"குதிடி கழுதை."

நான் குதிக்கவில்லை. தகட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இன்னொரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளினான். அவனுக்கு இருந்தது இரண்டே கை. நான் ரோட்டின் நடுவில் விழுந்தேன். டிராக்டர் பின்னால் இழுத்துவந்த டிரெய்லர் என்மேல்தான் ஏற வேண்டியது. அது ஏறாமல் இருப்பதற்காக அவன் ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்தான். ஒடிப்பதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் பள்ளம் என்பது அவனுக்குத் தெரியும், பெரியம்மா. அந்த ரோட்டில் பிறந்தவன்.

அவன் அம்மா என்று கூப்பிட்டான் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் கூப்பிடவில்லை. நேரம் இருக்கவில்லை. அவன் கடைசியாகச் சொன்னது "கழுதை."

அப்பா அவனுக்கு நன்றி சொல்லவில்லை என்கிறீர்கள். நான் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் சொல்கிறேன். தொழிற்சாலையில் நூல் அறுந்து எந்திரம் நிற்கிறபோதெல்லாம் சொல்கிறேன். அவன் காதில் விழுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை முந்தாநாள் நீலம் பாரித்துவிட்டான். எல்சா என்று ஒரு நர்ஸ், அவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், அழுதான். "ஒங்க ஆளு பிடிவாதக்காரன்" என்றாள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் "பையன்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மற்ற பெட்டிகளில் எல்லாம் பெயர் இருக்கிறது.

பெயரைப் பற்றி இன்னொரு தடவை யோசியுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் வேண்டாம் என்றால் வேண்டாம். உங்களை மீறி உங்கள் வீட்டிலிருந்து எதையும் எடுக்க மாட்டேன். ஏற்கனவே எடுத்ததே போதும். அப்பத்தையாவது வையுங்கள். நிக்கோலா திருநாளுக்குள் அவன் இருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அர்கிரோ

*

ஸ்டட்கார்ட்,
4 டிசம்பர் 1966

பெரியம்மா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதமா, உங்கள் மனசு தாமதமா தெரியவில்லை.

நேற்று மத்தியானம் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. சோதிரிஸ் ஷிப்டில் இருந்தார். இங்குள்ள நம் கோயில் சாமியார் மியூனிக்குக்குப் போயிருக்கிறார் என்று போனில் சொன்னார்கள். எல்சா என்னென்னவோ செய்தாள், டாக்டர் வந்தார், ஊசி போட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

"பெட்டியத் திறங்க. அவனை என் கையில குடுங்க" என்றேன். நம் பாஷையில் சொன்னேனா அவர்கள் பாஷையில் சொன்னேனா தெரியாது. கொடுத்தார்கள். உயிர் போகிற நேரத்தில் பிள்ளையைத் தண்ணீர் இல்லாமலே காற்றில் தூக்கி ஞானஸ்நானம் கொடுக்கலாம், விசுவாசி யாராக இருந்தாலும் கொடுக்கலாம் என்று எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள்தான். வெந்நீர் போட்டுத் தலை துவட்டிவிடும்போது சொன்னீர்கள்.

தூக்கினேன். எல்சா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கையைப் பிடிக்க வந்தாள், டாக்டர் தடுத்தார். "கடவுளின் ஊழியன்" என்று ஆரம்பித்தேன். அடுத்து பெயர் வர வேண்டும். லாம்ப்ரோஸ் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பெரியம்மா. உங்கள் கடிதம் என் மேலங்கிப் பையில் இருந்தது. இரண்டாம் தடவைக்குத் தெம்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என் கையில் கிடந்தவன் அசையவில்லை. செத்த பிள்ளைக்கு உங்கள் மகன் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோஸ்மாஸ் என்றேன். பிதாவின் பெயரால் ஒரு தடவை, சுதனின் பெயரால் ஒரு தடவை, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு தடவை. மூன்றாவது தடவை கீழே இறக்கும்போது அவன் தும்மினான்.

இன்று காலையிலிருந்து நன்றாக மூச்சு விடுகிறான். நிறம் திரும்பியிருக்கிறது. டாக்டர் முதல்முறையாகப் "பார்ப்போம்" என்று சொல்லாமல் போனார். சோதிரிஸ் அவர் அப்பாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

உங்கள் மகன் பெயர் உங்களிடமே பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்.

அர்கிரோ

*

எலாசோனா மேல்கிராமம்,
7 டிசம்பர் 1966

அடி கழுதை,

கோபித்துக்கொள்ளாதே. அப்படிக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. அவன் உன்னை அப்படித்தான் கூப்பிடுவான், என்னையும்தான். உன் கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். சத்தம் கேட்டு, அந்தோனிஸ் சாமியாரைக் கட்டியவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பொலிக்சேனி, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். லாம்ப்ரோஸ் வந்திருக்கிறான் என்று சொல்லியிருப்பேன், பைத்தியம் என்று நினைத்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

உடனே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், வைப்பேன். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே பிடிபடவில்லை. மாவு பிசைவது அதைவிடச் சுலபமாக இருந்தது. ஒன்பது வருஷமாக உயிருள்ளவர்களுக்கென்று எதையும் பிசையாத கை, ஆனாலும் மாவு நன்றாகவே எழும்பியது. ஐந்து அப்பத்தையும் தட்டில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் வாய் பிளந்து பார்த்தார்கள்.

உனக்காகவும் சோதிரிஸுக்காகவும் வேண்டிக்கொள்ளத்தான் போனேன். பெயர் விஷயத்தில் என் மனசு அசையவில்லை, சத்தியமாக. அந்தோனிஸ் சாமியார் அப்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டு என் பக்கம் குனிந்தார்.

"யாரு யாருக்கு வாசிக்கணும்?"

"அர்கிரோ. சோதிரிஸ்."

"புள்ள பேரு?"

என் வாய் லாம்ப்ரோஸ் என்று சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. சாமியார் என்னையே பார்த்தார். "எந்த லாம்ப்ரோஸ்மா?"

"அர்கிரோவோட பையன், சாமி. எங்க வீட்டுப் பையன்."

அவர் திரும்பி நின்று, உயிருள்ளவர்களுக்காக, உடல்நலத்துக்காக, நீண்ட ஆயுளுக்காக என்று வாசித்தார். அர்கிரோ, சோதிரிஸ், குழந்தை லாம்ப்ரோஸ். ஒன்பது வருஷமாக அந்தப் பெயரை நான் இறந்தவர்கள் பக்கம்தான் கேட்டிருக்கிறேன். நேற்றுக்கு முந்தைய சாயங்காலம் அது இந்தப் பக்கம் கேட்டது. கூட்டத்தோடு நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். காப்பிக் கடைக்காரன் இனிப்புக் கொடுத்துவிட்டான். செவிட்டுக் கிழவி வாயா கம்பளிக் குல்லா பின்ன ஆரம்பித்துவிட்டாள், பெரிய தலையா சின்னத் தலையா என்று கேட்டு உயிரை எடுக்கிறாள்.

ஆகையால் தருகிறேன். முழு மனசோடு தருகிறேன். பெயரை வை. பயப்படாதே, அவன் பிழைப்பான், அப்பத்தைப் பிட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு தேறியதும் தூக்கிக்கொண்டு வா. வளைவில் இறங்கி உன் அண்ணனுக்குக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

உன் பெரியம்மா

*

எலாசோனா மேல்கிராமம்,
19 டிசம்பர் 1966

அர்கிரோ,

நீ நாலாம் தேதி எழுதியது நான் ஏழாம் தேதி தபாலில் போட்டதற்கு மறுநாள் வந்தது. அன்றைக்கே பதில் எழுத முடியவில்லை. இப்போது என் கடிதமும் உன் கைக்கு வந்திருக்கும். நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று தெரியும். அழாதே, பால் நின்றுவிடும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதிலிருந்து என் பேச்சைக் கேட்டதே இல்லை நீ. ஒரே ஒரு தடவை கேட்டாய், அதுவும் இதற்கு.

சாமியாரிடம் போனேன். மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டேன். இரட்டைப் பெயராக வைக்கலாமா, இவ்வளவு தூரத்தில் நடந்தது யாருக்குத் தெரியப்போகிறது என்று கூசாமல் கேட்டேன். என் வயதில் இப்படிக் கெஞ்சியிருக்கக் கூடாது.

"தாய் தூக்கிக் குடுத்த பேரும்மா அது. சாவுக்கு முன்னால நின்னு குடுத்திருக்கா. அத நான் தொட மாட்டேன், ஆயரும் தொட மாட்டார்" என்றார்.

"அப்ப நீங்க அன்னைக்கு அப்பத்துக்கு முன்னால வாசிச்சது யாரை?"

அவர் மேசை மேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. குல்லா முடிந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால், "லாம்ப்ரோஸ் எப்படி இருக்கான், எடை கூடியிருக்கானா?" என்று கேட்கிறார்கள். கூடியிருக்கிறான் என்கிறேன். பத்து நாளாக என் மகன் எடை கூடிக்கொண்டிருந்தான், அர்கிரோ. அந்தப் பத்து நாளையும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

நேற்று ஞாயிறு. பூசைக்கு முன் சாமியார் பெயர் கேட்டபோது உயிருள்ளவர்களுக்கு என்று அர்கிரோ, சோதிரிஸ், கோஸ்மாஸ் என்றேன். சரியாகத்தான் சொன்னேன், நாக்குக் குழறவில்லை. "போனவங்களுக்கு?" என்று கேட்டார். லாம்ப்ரோஸ் என்றேன்.

முதல் தடவை அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது மற்றவர்கள். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், எனக்கு நினைவுகூட இல்லாமல் யாரோ கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். இந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை. நானே நின்று என் வாயால் வைத்தேன்.

கோஸ்மாஸ் பால் குடிக்கிறானா என்று எழுது.

பெரியம்மா